மார்பிள் வீடும் மூட்டை அறையும்

"உங்க வீட்டுத் தரை என்ன தரைங்க?"

பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் இம்பிளாண்ட் வைத்துக்கொண்டு யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஓய்வு பெற்ற அன்று, கடைசியாக வந்த தாயிடமும் கேட்டேன். பக்கத்தில் நின்ற, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அந்தத் தாய் போனதும் ஒருத்தி கேட்டாள். "மேடம், இம்பிளாண்ட் வச்சும் பேச்சு வராததுக்கு எங்க ஸ்லைடுல பத்து காரணம் இருக்கு. தரை இல்லயே?"

அவர்கள் ஸ்லைடில் இருந்ததில் தப்பே இல்லை. எந்த வயதில் அறுவை சிகிச்சை நடந்தது, கேட்கும் நரம்பு நன்றாக இருக்கிறதா, அதற்கு முன்னால் ஹியரிங் எய்டு போட்டுப் பழக்கினார்களா, கருவி நாள் முழுக்கத் தலையில் இருக்கிறதா, பயிற்சிக்கு விடாமல் வருகிறார்களா, வீட்டில் யாராவது குழந்தையோடு உட்கார்ந்து பேசுகிறார்களா. இதில் ஒன்று சறுக்கினாலும் பிள்ளை பேச்சுக்கு வருவது கஷ்டம். எல்லாம் சரியாக இருந்தும் ஒரு பிள்ளை நின்றுபோனான். அவனுக்காக மறுபடியும் ஆபரேஷன் தியேட்டரில் நாள்கூடக் குறித்திருந்தோம். அந்தக் கதையைத்தான் எழுதச் சொல்லி இரண்டு பேரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் படித்து முடித்து தஞ்சாவூரில் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களிடம் இருந்தது கேட்கும் திறனை அளக்க ஒரு ஆடியோமீட்டரும் ஹியரிங் எய்டுக்காகக் காதில் அச்செடுக்கும் மாவும்தான். எதையும் ஓட்டமாக ஓடிச் செய்கிற ஆள் நான். யார் என்ன படித்துவிட்டு வந்தாலும் எனக்கும் அது உடனே வேண்டும். இம்பிளாண்ட் என்ற சொல் எங்கள் பக்கம் வந்ததும் விடுமுறை போட்டுவிட்டு மெட்ராஸுக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தேன். திரும்பி வந்தால் எனக்கு மேலே ஜமீலா மேடம்.

மேடம் அதிராம்பட்டினத்துக்காரர். குரல் உயராது, பாராட்டும் வராது. பயிற்சி அறையில் அவர் நடந்துகொள்ளும் முறையை இன்றைக்கும் என்னால் அப்படியே செய்து காட்ட முடியும். குழந்தை உள்ளே வருவதற்கு முன் மின்விசிறியை நிறுத்துவார். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியை வாங்கித் தன் இயர்போனில் மாட்டி, அது சத்தத்தை வாங்குகிறதா என்று கண்ணை மூடிக் கேட்பார். பிறகு தலைத்தோலில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வட்டமான காயிலைத் தன் கையாலேயே வைப்பார். உள்ளே, காதின் நத்தைச் சுருளுக்குள் வைத்திருக்கும் கம்பிக்கு அதன் வழியாகத்தான் சத்தம் மின்துடிப்பாகப் போகும். அந்தத் துடிப்பைச் சத்தம் என்று மூளை கற்றுக்கொள்ள வேண்டும்.

பிறகு சோதனை. குழந்தை ஒரு பாசிமணியைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். மேடம் ஒரு வெள்ளைக் கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு, குழந்தைக்குச் சற்றுப் பின்னால் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்வார். ஆ. ஊ. ஈ. ம். ஷ். ஸ். கனமான சத்தத்திலிருந்து மெல்லிய சத்தம்வரை பேச்சுக்குத் தேவையானதெல்லாம் இந்த ஆறில் அடங்கிவிடும். கேட்டதும் குழந்தை மணியைக் கிண்ணத்தில் போட வேண்டும். போட்டால் நான் துள்ளுவேன். மேடம் துள்ள மாட்டார். நடுவில் ஒரு முறை வேண்டுமென்றே சும்மா இருப்பார். சத்தமே இல்லாதபோது குழந்தை மணியைப் போட்டுவிட்டால், அதுவரை போட்டதையும் கணக்கில் சேர்க்க மாட்டார். "சும்மா இருக்கறப்ப சும்மா இருக்கானா பாரு. அதுதான் கேக்குறான்னு அர்த்தம்."

வலங்கைமானைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வந்த கவினுக்கு மூன்று வயது முடிந்ததும் இம்பிளாண்ட் வைத்தோம். அப்பா அன்பழகன் தோஹாவில் மார்பிள் பதிக்கும் வேலையில் இருந்தார். அம்மா செல்வி, மாமியாரோடு ஊரில். சொந்தத்தில் கல்யாணம். மகனுக்குப் பேச்சு வராததை, "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்று சொல்லிச் சொல்லியே வீட்டில் நாளைக் கடத்திவிட்டார்கள். இருந்தாலும் வயது கைமீறவில்லை. நரம்பும் நன்றாக இருந்தது. ஐப்பசியில் கருவியை இயக்கினோம். முதல் சத்தம் கேட்டதும் அழுதான். அழ வேண்டும், அது நல்ல அறிகுறி. தை வருவதற்குள் ஆறு சத்தத்துக்கும் மணி போட்டான். "ம்மா" மாதிரி ஒன்று வாயில் வர ஆரம்பித்தது.

அதோடு நின்றது.

ஒரு பயிற்சியைக்கூட செல்வி தவற விட்டதில்லை. பஸ்ஸை மாற்றி மாற்றி, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள். என் அறையில் இருக்கும்போது அவன் சுமாராகச் செய்வான். வீட்டில் ஒன்றுமே இல்லை என்பாள். "கூப்ட்டா திரும்ப மாட்டேங்குறான் மேடம். பின்னாடி நின்னு தட்டத் தட்டுனாலும் திரும்பல." போகப் போக என் அறையிலும் ஆர்வம் குறைந்தது. "ம்மா" போயேவிட்டது.

கம்பெனி இன்ஜினியர் வந்து உள்ளே இருக்கும் கம்பியைச் சோதித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். ஜமீலா மேடம் அதோடு விடவில்லை. சோதனையில் சரி என்று காட்டியபடியே, விட்டு விட்டு வேலை செய்து கெடுக்கும் கருவிகளை அவர் பார்த்திருக்கிறார்.

"மேடம், நம்ம ரூம்ல இன்னிக்கும் ஆறுல அஞ்சுக்குப் போட்டான்" என்றேன்.

"நம்ம ரூம்ல. அப்புறம்?"

"கருவி வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

"வேலை செய்யுற கருவிய மாட்டிக்கிட்டு ஒரு புள்ள வந்த பேச்சயும் விட்டுட்டு நிக்கிறான். இதுக்கு என்ன பதில் வச்சிருக்க?"

மேடமும் சர்ஜனும் பேசி முடிவெடுத்தார்கள். பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பது. நாலு வயதுப் பிள்ளைக்கு அதே இடத்தில் மறுபடியும் திறப்பது. கருவி நன்றாக இருக்கும்போது இதைச் செய்தால், கையில் இருக்கும் கேட்கும் திறனையும் பணயம் வைக்கிறோம். கருவி கெட்டிருந்து செய்யாமல் விட்டால், மூளை பேச்சைப் பிடித்துக்கொள்ளும் வயது வீணாகப் போகிறது. இரண்டு பக்கமும் பள்ளம். புதன்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

கையெழுத்துப் போட அன்பழகன் அவசர லீவில் வந்தார். பெட்டியில் விமான நிலையச் சீட்டு ஒட்டியபடியே நேராக எங்கள் அறைக்கு வந்தார். மகனை மடியில் வைத்துக்கொண்டு நான் செய்து காட்டியதையெல்லாம் பார்த்தார். ஆறில் நாலு. பிறகு என்னைப் பார்த்தார்.

"இங்க கேக்குது. என் வீட்ல கேக்கல. அப்ப நாங்க உங்க ரூமுக்கே குடி வந்துடணுமா?"

"இல்லைங்க, அது வந்து..."

"நீங்க கண்ணக் காட்டுறீங்களோ, கைய ஆட்டுறீங்களோ, அவன் அதப் பாத்துப் போடுறான். இவ்ளோ நாளா அதத்தான் மேடம் கத்துக்குடுத்திருக்கீங்க."

செல்வி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு முகம் கொதித்தது. அவர் போனதும் மேடத்திடம், "ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்றேன்.

"எதுக்கு?"

"அவன் வீட்ல என்னதான் பண்றான்னு பாக்கணும்."

கைக்குட்டையை நாலாக மடித்து மேஜையில் வைத்தார். "போ. ஆனா நீ நினைச்சத நிரூபிக்கப் போகாத. அவன் கேக்கலன்னா கேக்கலன்னு வந்து சொல்லு."

குறுவை அறுப்பு முடிந்திருந்த நேரம். மழை விட்டுவிட்டுப் பெய்ததில் ரோட்டில் பாதி தூரத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஆட்டோ அதை ஒதுக்கி ஒதுக்கிப் போனது. செல்வி வாசலிலேயே நின்றிருந்தாள். திறந்த கதவு வழியாக வீட்டைப் பார்த்தேன். வயலுக்கு நடுவே உயர்ந்த கூரையோடு ஒரு பெரிய ஹால். தரை முழுக்க வெள்ளை மார்பிள், சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கிரானைட், மாடிப்படி வரைக்கும் கண்ணாடி. ஒரு நாற்காலியும் டிவியும் தவிர ஒன்றுமே இல்லை.

"புது வீடா?" என்றேன்.

"தையில பால் காச்சுனோம் மேடம்."

"எங்ககிட்ட சொல்லவே இல்லயே?"

"அதயும் சொல்லணுமா மேடம்?"

தை. கவினின் பேச்சு நின்றதும் அதற்குப் பிறகுதானே என்று மனதில் தட்டியது. ஆனால் அதற்குள் அன்பழகன் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். காலுக்குக் கீழே பனிக்கட்டி மாதிரி இருந்தது. "வணக்கங்க" என்றேன். என் குரல் மாடிக்குப் போய்ச் சுற்றி என்னிடமே வந்தது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த செல்வியின் மாமியார் சிரித்தார். "வாங்க டீச்சரம்மா. நீங்க ஒரு தடவ சொன்னா இந்த வீட்ல மூணு தடவ கேக்கும். என் பேரனுக்குத்தான் ஒரு தடவயும் கேக்கல."

ஹால் நடுவில் கவின் ஒரு பொம்மை டிராக்டரை உருட்டிக்கொண்டிருந்தான். அன்பழகன் அவனுக்குப் பின்னால் போய் நின்றார். "பாருங்க மேடம். நீங்களே பாருங்க." கையைப் பலமாகத் தட்டினார். "கவின்!"

அவன் திரும்பவில்லை.

ஆனால் டிராக்டர் நின்றது. ஒரு நொடிதான். மறுபடி உருண்டது.

"இன்னொரு தடவ கூப்புடுங்க."

"கவின்! டேய் கவினு!"

டிராக்டர் நின்றது. பிள்ளையின் கழுத்து விறைத்தது. கண் மட்டும் ஒரு தரம் மாடியைப் பார்த்து, கண்ணாடியைப் பார்த்துவிட்டு, கீழே இறங்கியது. வண்டி உருண்டது.

"அவருக்குக் கேக்குதுங்க" என்றேன். அவசரத்தில் நாலு வயதுப் பிள்ளையை "அவருக்கு" என்று சொல்லிவிட்டேன். "வண்டிய நிறுத்துறான் பாருங்க."

"திரும்புறானா?"

"திரும்ப மாட்டான். ஒரு காதுலதானே கருவி இருக்கு? சத்தம் எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு பிடிக்க ரெண்டு காதும் வேணும். அதுவும் இந்த ஹால்ல எல்லாப் பக்கத்துலேருந்தும் வருது. எங்க திரும்புவான்?"

"மார்பிள்ல வண்டி வழுக்கும், நிக்கும். அதெல்லாம் ஒரு சாட்சியா மேடம்?"

அந்த மனிதர் கேட்டது நியாயம்தான். சமையலறையிலிருந்து ஒரு கை புளியங்கொட்டையும் ஒரு எவர்சில்வர் கிண்ணமும் வாங்கி வந்து, ஹாலிலேயே உட்கார்ந்து சோதனையை ஆரம்பித்தேன். கவின் கொட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டான். வாயை மறைத்து "ஆ" என்றேன். போட்டான். நல்லது. "ஷ்" என்றேன். போடவில்லை. சும்மா இருந்தேன். போட்டான். "ம்" என்றேன். அம்மா முகத்தைப் பார்த்தான், போட்டான், மறுபடி ஒன்றை எடுத்து அதையும் போட்டான். கிண்ணத்தில் விழுந்த சத்தமே ஹாலைச் சுற்றி வந்தது. அதைக் கேட்டு இன்னொன்று போட்டான். ஒன்றோடொன்று கலந்து எது சத்தம், எது மௌனம் என்று எனக்கே தெரியவில்லை. மேடம் இருந்திருந்தால் மொத்தத்தையும் கணக்கிலிருந்து எடுத்திருப்பார்.

"போதுங்க" என்றார் அன்பழகன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "புதன்கிழமை ஆபரேஷன் நடக்கட்டும். அவனப் படுத்தாதீங்க."

அந்த நேரம் என் போன் அடித்தது. ஜமீலா மேடம்.

"என்ன ஆச்சு?"

"மேடம், ஹால்ல வச்சுப் பண்ணேன். சரியா வரல..."

"ஒண்ணும் புரியல. கிணத்துக்குள்ளேருந்து பேசுற மாதிரி இருக்கு. வேற எங்கயாவது போ."

பக்கத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே நுழைந்தேன். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று திருப்பி அனுப்பிய நெல்லைக் காயவைத்து, மறுபடி சாக்கில் பிடித்து, மூன்று சுவரோடும் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். மீதிச் சாக்கெல்லாம் தரையில் கிடந்தது. புழுதியும் நெல் வாசனையும் மூக்கில் ஏறியது.

"மேடம், சோதனை சரியா வரல" என்றேன்.

"இப்ப தெளிவா இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "எங்க நிக்கிற?"

"நெல் மூட்டை ரூம்ல மேடம்."

சொன்ன பிறகுதான் கவனித்தேன். நான் பேசியது என் வாயோடு நின்றிருந்தது. சுவரில் போய் மோதித் திரும்பவில்லை. பஞ்சும் கம்பளமும் ஒட்டிய எங்கள் பயிற்சி அறையில் எப்படி இருக்குமோ, அப்படி.

"பையன அங்க கூட்டிட்டு வா" என்றார் மேடம். நான் ஏற்கெனவே கதவருகே இருந்தேன்.

அன்பழகன் வரமாட்டேன் என்றார். செல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தாள். அதைப் பார்த்து அவரும் வந்து வாசலில் சாய்ந்து நின்றார். கவினைச் சாக்கின் மேல் உட்கார வைத்தேன். மின்விசிறி இல்லாத அறை. கருவியை இயர்போனில் கேட்டேன், காயிலை வைத்தேன். கைக்குட்டையால் வாயை மறைத்தேன்.

"ஆ." போட்டான். "ஊ." போட்டான். "ஈ." "ம்." போட்டான். "ஷ்." ஒரு யோசனை, போட்டான். சும்மா இருந்தேன். கொட்டை கன்னத்திலேயே இருந்தது. இன்னும் சும்மா இருந்தேன். கன்னத்தை விட்டு அசையவில்லை. "ஸ்." போட்டான்.

செல்வி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நீங்க பண்ணா பண்றான் மேடம்" என்றார் அன்பழகன். குரல் முன்பு மாதிரி இல்லை. "உங்க வாசம் அவனுக்குத் தெரியும், நீங்க மூச்சு விடுறது தெரியும். நான் பண்றேன். நீங்க ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க."

"பண்ணுங்க. அந்த அடுக்குக்குப் பின்னாடி போயிடுங்க. உங்க நிழல்கூடத் தெரியக் கூடாது."

ஒரு மூலையில் மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒடுங்கி நிற்க இடம் இருந்தது. அவர் அதற்குள் நுழைந்துகொண்டார். அவருக்கு மகன் தெரியவில்லை, மகனுக்கு அவர் தெரியவில்லை. கவின் புதுக் கொட்டை ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்தான்.

சத்தம் வரவில்லை.

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஏன் கூப்பிடமாட்டேன் என்கிறார்? கவினின் கை கன்னத்திலேயே இருந்தது. பிள்ளைகள் இவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்கள். இப்போது போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. அந்த மனிதர் அங்கிருந்து வெளியே வந்து, "பாத்தீங்களா, நான் வாயே திறக்கல" என்பார். புதன்கிழமை ஆபரேஷனில் போய் நிற்கும். அவன் விரல் லேசாக அசைந்தது. போடாதடா, போடாதடா என்று மனதுக்குள் கத்தினேன். அவன் கொட்டையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டானே தவிர, போடவில்லை.

டங் என்று ஒரு சத்தம். கொட்டை கிண்ணத்தில்.

"நான் இன்னும் கூப்புடவே இல்லயே மேடம்" என்றார் மூட்டைக்குப் பின்னாலிருந்து. "தொண்ட அடைச்சிருச்சு. கூப்புட வரல."

"நீங்க செருமினீங்க" என்றேன். "தொண்டயச் சரி பண்ண லேசா செருமினீங்கள்ல? எங்களுக்கே சரியா கேக்கல. அவனுக்குக் கேட்டுச்சு."

அவர் வெளியே வர நேரம் எடுத்தது. தலையிலும் சட்டையிலும் உமி. மகன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கவின் பரிசு கேட்பதுபோல் அடுத்த கொட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தான்.

பிறகு அவர் ஹாலைத் திரும்பிப் பார்த்தார். "தரையாலயா மேடம்?"

"தரை, கண்ணாடி, உசரமான கூரை. எல்லாம் சேந்துதான். ஒவ்வொரு சொல்லும் பத்து இடத்துல பட்டுக் குழம்பிப் போய் அவன்கிட்ட போகுது. கருவி வழியாக் கேக்குற புள்ளைக்கு அதுலேருந்து சொல்லப் பிரிக்கத் தெரியல. கொஞ்ச நாள் பாத்துட்டு, இது நமக்கு இல்லன்னு விட்டுட்டான்."

"ஒவ்வொரு கல்லும் என் கையால போட்டது. போன லீவு முழுக்க முட்டி போட்டுப் பதிச்சேன். அவன் உருண்டு விளையாட வழுவழுன்னு இருக்கட்டும்னு."

மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சும்மா இருந்தபோது போடவில்லை என்று சொன்னதும் இடைமறித்தார். "எவ்வளவு நேரம் சும்மா இருந்தான்?"

"ரொம்ப நேரம் மேடம். எனக்கே தாங்கல."

"சரி. சர்ஜன்கிட்ட நான் பேசிக்கிறேன்." வைத்துவிட்டார். அவர் எனக்குக் கொடுத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

புதன்கிழமை தியேட்டர் வேறொரு பிள்ளைக்குப் போனது. அதற்குப் பிறகு கவின் ஒரே தாவலில் பேசிவிட்டான் என்று எழுதினால் அது பொய். இழந்த மாதங்களை மீட்க வருஷங்கள் ஆயின. கூட்டத்தில் இன்றும் திணறுவான். சில எழுத்துகள் நாக்கில் வழுக்கும். ஆனால் பேசுகிறான், சண்டை போடுகிறான், போனில் அப்பாவை ஏய்க்கிறான். அதனால்தான் தரையைக் கேட்கிறேன். தரை மார்பிள் என்றால் பாய் விரி, கெட்டித் துணியில் திரை போடு, ஹாலை விட்டுச் சின்ன அறையில் உட்கார்ந்து பேசு என்கிறேன். ஊருக்கு ஊர் வெளிநாட்டுப் பணத்தில் அப்படி வீடுகள் எழுந்துகொண்டே இருக்கின்றன. பிள்ளைக்காகத்தான் கட்டுகிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போது வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. மூட்டைகளை எடுத்துப்போக நெல் வியாபாரி ஆளோடு வந்திருந்தார். முதல் நாளே பேசி முடித்தது. உள்ளே செல்வி சாக்கின் மேல் உட்கார்ந்து மகனிடம் கொட்டை, கிண்ணம், டிராக்டர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்பழகன் லாரிக்கு முன்னால் போய் நின்றார்.

"மூட்டைய இப்ப எடுக்க வேணாங்க. வண்டியத் திருப்பிக்குங்க."

"என்னப்பா, வெல பேசிட்டு இப்ப வந்து..." என்றார் வியாபாரி.

"வெலைக்காக இல்லைங்க" என்றார் அன்பழகன். "உள்ள பய பேச்சு கத்துக்கிட்டிருக்கான்."